டைகரை ஊருக்கே தெரியும்

எங்கள் தொழிலில் ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்கிற வாக்கியம் ஒன்று உண்டு: "மூஞ்சிய கொஞ்சம் இப்படி திருப்புங்க." உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஸ்டூடியோ வைத்து, இருபது வருஷமாக இதையே சொல்லித் தொண்டை காய்ந்தவள் நான். பாஸ்போர்ட் சைஸ், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணம், வளைகாப்பு, மறுபடியும் காதுகுத்து என்று சுற்றிச் சுற்றி வருகிற பொழப்பு. கேமரா தூக்குகிற சகோதர சகோதரிகளே, மண்டபத்தில் கடைசிப் பந்தியில் வெறும் ரசத்தை ஊற்றிக்கொண்டு எழுந்து வந்தவர்களே, உங்களுக்குத் தெரியாததா!

அப்படிப்பட்ட எனக்குப் போன தை மாசம் ஒரு வேலை வந்தது. அதில் மூஞ்சியைக் காட்டச் சொல்வதற்குப் பதிலாக மறைக்கச் சொன்னார்கள். நானும் மறைத்தேன். மறைத்த லட்சணத்தைக் கேளுங்கள்.

பாஸ்போர்ட் சைஸா சார்?

இஸ்திரி போட்ட சட்டையோடு ஒருத்தர் ஸ்டூடியோவுக்குள் நுழைந்தால் நான் ஸ்டூலைக் காட்டி, சீப்பை நீட்டிவிடுவேன். கை பழக்கம். ராஜகுளத்திலிருந்து வந்த கருணாகரன் சாருக்கும் அதையேதான் செய்தேன். தனியார் கல்லூரியில் கணக்கு சொல்லிக் கொடுக்கிறவர், நாற்பத்தைந்து வயசு இருக்கும். மரியாதைக்குச் சீப்பை வாங்கித் தலையை வாரிக்கொண்டு, அப்புறம் விஷயத்துக்கு வந்தார். சென்னையில் அவருடைய நண்பர்கள் சேர்ந்து ஒரு போட்டோ கண்காட்சி வைக்கிறார்களாம். திருநங்கைகள், ஆணை விரும்புகிற ஆண்கள், பெண்ணை விரும்புகிற பெண்கள், எல்லோருக்கும் சேர்த்து 'பால்புதுமையர்' என்று ஒரு சொல்லையும் சொல்லித் தந்தார். அவர்களை அவரவர் வீட்டிலேயே, அவரவர் வளர்க்கிற பிராணியோடு எடுக்க வேண்டும். நம் பக்கத்தில் மூன்று வீடு. "அதுல ஒண்ணு என் வீடுதான் மேடம்" என்றார், ரேஷன் கார்டு விலாசம் சொல்கிற மாதிரி சாதாரணமாக.

எனக்கு ஆர்வம் தாங்கவில்லை. கேட்கக் கூடாத கேள்வி பத்துப் பதினைந்து தொண்டை வரைக்கும் வந்தது. என் வாயைத் தெரிந்தவர்கள் நம்ப மாட்டீர்கள், எல்லாவற்றையும் முழுங்கினேன். மானாம்பதி வீடு ஒன்றுக்கு மட்டும் அவர் திரும்பத் திரும்ப எச்சரிக்கை சொன்னார். அங்கே இருக்கிற இரண்டு பெண்களும் அக்கா தங்கச்சி முறை என்று சொல்லி வாடகைக்கு இருக்கிறார்கள், உண்மை தெரிந்தால் வீடு போய்விடும், அதனால் முகம் தெரியவே கூடாது. சரி சார், சரி சார் என்று தலையாட்டிவிட்டு, கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: நாய், பூனையெல்லாம் எதற்கு? கருணாகரன் சார் சொன்னார்: "எங்கள மட்டும் தனியா காட்டுனா எல்லாரும் உத்து உத்து பாப்பாங்க மேடம். பக்கத்துல ஒரு நாய் நின்னா, 'அட, நாய் நல்லாருக்கே'ன்னு சகஜமாயிடுவாங்க."

கிளிக்குத்தான் பயம்

முதல் படம் அவர் வீட்டிலேயே. தனி ஆள், கூடம் முழுக்கப் புத்தகம், புத்தகத்தின் மேலெல்லாம் கிளி கடித்த அடையாளம். கிளி பெயர் ராணி. பனைமரம் சாய்ந்தபோது குஞ்சாகக் கீழே விழுந்து இறக்கை ஒடிந்ததாம். பறக்க முடியாத அதைப் பத்து வருஷமாக வைத்துக் காப்பாற்றுகிறார். அவர் தோளில் உட்கார்ந்துகொண்டு, சட்டைக் காலரை மென்றுகொண்டு, என்னைப் பார்த்து "போயிட்டு வாங்க, போயிட்டு வாங்க" என்றது. வந்து இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை!

முகம் மறைக்கிற வேலை என்று மண்டைக்குள் ஏறிவிட்டதா, நான் பாட்டுக்கு அவரை ஜன்னலுக்கு எதிரே நிறுத்தி, வெளிச்சத்தைப் பின்னால் விட்டு, முகம் கறுப்பு நிழலாகத் தெரிகிற மாதிரி ஒரு மணி நேரம் பாடுபட்டேன். கேமராவில் காட்டினேன். "ஏன் மேடம் என்ன கரி ஆக்கிட்டீங்க?" என்று கேட்டார். அம்மாவுக்குத் தெரியுமாம், அக்கா வீட்டில் தெரியுமாம், கல்லூரியில் பிரின்சிபாலுக்கே தெரியுமாம். அவர் மறைக்கச் சொல்லவே இல்லை. எனக்கு அசடு வழிந்தது. மறுபடி முன் பக்கம் வெளிச்சம் வைத்து, மனுஷன் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும்போது க்ளிக் பண்ணப் போனேன். சட்டென்று கையைத் தூக்கிக் கிளியை மூடிக்கொண்டார். நம் ஊர்க் கிளியை வீட்டில் வளர்ப்பது குற்றமாம், வனத்துறை கேஸ் போடுமாம். கையை எடுக்காமலே சொன்னார்: "கோர்ட்டு தீர்ப்புக்கு அப்புறம் நான் சட்டப்படி சரியாயிட்டேன் மேடம், இவதான் இன்னும் ஆவல."

கனகா கேட்ட கேள்வி

இரண்டாவது வீடு கூரத்தில். கனகா திருநங்கை. கல்யாண வீடுகளுக்குச் சமையல் காண்டிராக்ட் எடுக்கிறார். கையில் கரண்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதட்டல் ஒன்றுதான். அவர் வளர்ப்பது மேனகா என்கிற வெள்ளாடு. மேனகா கட்டிலில்தான் படுக்கும். கிரீம் பிஸ்கட்டைக் கொடுத்தால் கிரீமை நக்கிக்கொண்டு பிஸ்கட்டைத் துப்பும். போட்டோவுக்காக அதற்குப் பொட்டு வைத்து, சாமந்தி மாலை போட்டு நிறுத்தினோம். நான் ஃபோகஸ் பண்ணுவதற்குள் பாதி மாலையைத் தின்றுவிட்டது. கனகா அதன் காதைப் பிடித்துத் திட்டிக்கொண்டிருந்தபோது எடுத்த படம்தான் இருப்பதிலேயே அருமையாக வந்தது.

தப்பு அதற்கப்புறம் நடந்தது. ஸ்டூடியோக்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு, உங்களுக்கும் இருக்கும். படம் கம்ப்யூட்டருக்குள் போனவுடன் கை தன்னால் போய் மரு, தழும்பு, பரு எல்லாவற்றையும் துடைத்து, நிறத்தையும் இரண்டு படி ஏற்றிவிடும். யாரும் கேட்பதில்லை, நாமாகச் செய்கிறோம். கனகாவின் தாடையில் லேசாகப் பச்சை நிழல் இருந்தது; வழவழவென்று துடைத்து அனுப்பிவிட்டு, மனுஷி சந்தோஷப்படுவார் என்று வேறு காத்திருந்தேன். அரை மணி நேரத்தில் போன் வந்தது. துடைக்காத பழைய படத்தையே திருப்பி அனுப்பிவிட்டேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "இன்னாம்மா ஸ்டூடியோ, எங்க மேனகா பொட்ட ஆடு, அதுக்கும்தான் தாடி கீது, அத்த நீ தொடல, எனக்கு மட்டும் இன்னாத்துக்கு தொடச்ச?"

யார் எந்தப் பக்கம்?

மூன்றாவது, மானாம்பதி. ஸ்டெல்லா கம்பெனி வேனில் ஏறி ஷூ கம்பெனிக்குப் போகிறவள். சுமதிக்கு உத்திரமேரூரில் மெடிக்கல் ஷாப்பில் வேலை. ஐந்து வருஷமாகச் சேர்ந்து வாழ்கிறார்கள். கல்யாணம் ஆகாத இரண்டு பெண்கள், கூட ஒரு நாய் என்றதும் பதினோரு வீட்டில் கதவைச் சாத்தியிருக்கிறார்கள். பன்னிரண்டாவதாக இந்த மானாம்பதி ஓனரம்மா தன் வீட்டின் பின்கட்டை விட்டிருக்கிறார். நிலம் நீச்சு உள்ளவர், புருஷன் இல்லை, மகன் செங்கல்பட்டில். "சித்தி பொண்ணுங்க" என்று சொல்லி வந்து இரண்டு வருஷம் ஆகிறது. ஓனரம்மா கீரையும் குழம்பும் கொடுப்பார், இவர்கள் அவருக்கு பிரஷர் மாத்திரை எடுத்துக் கொடுப்பார்கள். நான் போனது அவர் கழனிக்குப் போயிருந்த நேரம். அப்படியும் சுமதி ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுந்து போய்த் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தாள். "இந்த வூடும் போச்சுன்னா எங்களுக்கு போக்கிடம் இல்லக்கா" என்றாள். பார்க்கவே பாவமாக இருந்தது.

அவர்கள் நாய்க்கு டைகர் என்று பெயர். செம்பட்டை நிறம், ஒரு காது மடங்கி இருக்கும், கழுத்தில் ஸ்டெல்லா பழைய நைட்டித் துணியில் தைத்துப் போட்ட ஆரஞ்சுப் பட்டை. காலையில் ஸ்டெல்லாவை வேன் ஏற்றிவிட்டு, பால் ஊற்றுகிற இடத்துக்குப் போய், அங்கிருந்து பள்ளிக்கூடத்துச் சத்துணவு நேரத்துக்குச் சரியாகப் போய்ச் சேருமாம். ரொம்ப பிசி. வாசற்படியில் இரண்டு பேரையும் அந்தப் பக்கம் பார்த்து உட்கார வைத்து, கையைக் கோத்து டைகர் முதுகில் வைக்கச் சொன்னேன். டைகர் மட்டும் என்னைப் பார்த்து நின்றது. அப்புறம்தான் எனக்குக் குழப்பம். இருபது வருஷமாக மாப்பிள்ளை வலது பக்கம், பெண் இடது பக்கம் என்று நிறுத்திப் பழகிய கை, இங்கே யாரை எந்தப் பக்கம் நகர்த்துவது என்று தெரியாமல் அந்தரத்தில் நின்றது. வாய் சும்மா இருக்குமா, கேட்டே விட்டேன். ஸ்டெல்லா திரும்பாமலே சொன்னாள்: "எங்க வூட்ல ஒரே ஆம்பள டைகருதான்க்கா, அத்த நடுவுல வச்சிக்கினு நாங்க ரெண்டு பேரும் எப்படியோ குந்திக்கறோம்."

காலை வணக்கம்

தினமும் காலையில் கடையைத் திறந்து, சாமிக்குப் பூ வைத்து, முந்தின நாள் எடுத்ததில் நல்ல படம் ஒன்றை போனில் ஸ்டேட்டஸாகப் போடுவது என் வழக்கம். நீங்களும் போடுகிறீர்கள், தெரியும். அன்றைக்கு மானாம்பதிப் படத்தைப் போட்டேன். போடலாமா என்று அவர்களை நான் கேட்கவில்லை. முகம்தான் தெரியவில்லையே, அப்புறம் என்ன என்று எனக்கு நானே அனுமதி கொடுத்துக்கொண்டேன். பூதக்கண்ணாடி வைக்காத குறையாகப் பார்த்தேன். மூக்கு நுனிகூடத் தெரியவில்லை. ஜோடிப் படங்களுக்கென்று நான் வைத்திருக்கிற டிசைனில், இரண்டு இதயம் போட்டு மேலே 'இனிய இல்லறம்' என்று எழுதியிருக்கும். அதையும் பழக்கதோஷத்தில் ஒட்டி, காலை வணக்கமும் சொல்லி, நாஷ்டா சாப்பிட உட்கார்ந்தேன்.

இட்லியைப் பிட்டு வாயில் வைப்பதற்குள் டிங் டிங் என்று வர ஆரம்பித்தது. "சூப்பர்", "அழகு", அப்புறம் ஒன்று, "டைகர் இன்னா போஸ் குடுக்குது!" எனக்குச் சட்டென்று உறைக்கவில்லை. அடுத்தது, "நம்ம மானாம்பதி டைகரு." அதற்கடுத்து பால் ஊற்றுகிறவர், சத்துணவு டீச்சர், வேன் டிரைவர். ஐயோ, ஐயோ! இரண்டு பேரின் முகத்தை மறைக்கத் தெரிந்த எனக்கு, ஊருக்கே தெரிந்த முகம் ஒன்று நடுவில் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்பது தெரியவில்லையே! அழிப்பதற்குள் நூற்றுப் பன்னிரண்டு பேர் பார்த்தாகிவிட்டது. அதில் ஒருத்தன் ஓனரம்மாவின் மகன். அவன் கல்யாணத்துக்கு நான்தான் போட்டோ, அதனால் என் நம்பர் அவனிடம் இருக்கிறது. என்ன செய்வதென்று தெரியாமல் நின்றபோது பஸ் ஸ்டாண்டு பூக்கார மஞ்சுளா போன் பண்ணினாள்: "ஸ்டூடியோக்கா, டைகர் நல்லா வந்துகீது, அது மேல கைய கோத்துக்கினு கீறது ஸ்டெல்லாவும் சுமதியுமா?"

ஓனரம்மா

வண்டியை எடுத்துக்கொண்டு மானாம்பதிக்கு ஓடினேன். வழியெல்லாம் என்னை நானே திட்டிக்கொண்டு போனேன்; வேறு யாராவது திட்டியிருந்தால் அடித்திருப்பேன், அவ்வளவு திட்டு. ஸ்டெல்லா வேலைக்குப் போகவில்லை. பாத்திரங்களை அரிசிச் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். சுமதி சுவர் ஓரமாக உட்கார்ந்து டைகரின் காதைத் தடவிக்கொண்டிருந்தாள். மகன் போன் பண்ணி அவன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டானாம். "மத்தியானம் வண்டிக்கு சொல்லிக்கீறோம்க்கா. எங்க போறதுன்னு இன்னும் தெரியல" என்றாள் ஸ்டெல்லா. திட்டியிருந்தால்கூடத் தேவலை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்போது ஓனரம்மா பின்கட்டுக்கு வந்தார், கையில் போன். நான் முந்திக்கொண்டு, "இதுங்க மேல தப்பில்லம்மா, நான்தான்..." என்றேன். "நீ சும்மா இரு" என்று ஒரே அதட்டல். அவர்கள் பக்கம் திரும்பினார். "ரெண்டு வருசமா என் கையால கொழம்பு வாங்கித் துன்னுக்கினு, சித்தி பொண்ணு சித்தி பொண்ணுன்னு சொல்லிக்கினு கீறீங்களே, நெசமா நீங்க இன்னா மொற? சொல்லுங்கடி."

ஸ்டெல்லா சாக்கைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றாள். "சம்சாரம்மா. அவ எனக்கு, நா அவளுக்கு."

சுமதி தலையைத் தூக்காமல் கேட்டாள், "அன்னிக்கே நெசத்த சொல்லியிருந்தா வூடு குடுத்திருப்பீங்களாம்மா?" ஓனரம்மா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார். பொய் சொல்லத் தெரியாத மனுஷி. "குடுத்திருக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார். அவ்வளவுதான், முடிந்தது கதை என்று நான் நினைத்தேன். ஸ்டெல்லா மறுபடி சாக்கைக் கையில் எடுத்தாள். உள்ளே போன் அடித்தது. மகன்தான். இவர் பேசுவது மட்டும் தெருவுக்கே கேட்டது: "இத்தினி நாளு எனக்கு காய்ச்சல் வந்தா கஞ்சி வச்சி குடுத்தது நீயா, அதுங்களா? பேஜார் பண்ணாத நைனா. வூடு என் பேர்ல கீது. உன் பேர்ல கீறது பைக்கு ஒண்ணுதான். வை போன."

அதற்கப்புறம் பீரோவைத் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. நாங்கள் மூன்று பேரும் ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். கதவு திறந்தது. ஓனரம்மா அரக்குக் கலர் பட்டுப் புடவை கட்டி, முகத்தில் பவுடர் போட்டு, ஒரு கையில் பிளாஸ்டிக் நாற்காலியோடு வந்தார். நாற்காலியை வாசற்படிக்கு எதிரே டக்கென்று போட்டு உட்கார்ந்தார். "நாய எடுத்துக்கீற, வாசப்படிய எடுத்துக்கீற, என் வூட்டுக்கு வந்து என்ன மட்டும் உட்டுட்டு போட்டோ எடுத்துக்கினு போயிருக்கியே, நீயெல்லாம் ஒரு போட்டோக்காரியா?" என்றார். வண்டிப் பெட்டியிலிருந்து கேமராவை எடுத்தேன். அவர் நடுவில், ஸ்டெல்லாவும் சுமதியும் ஆளுக்கொரு பக்கம், கீழே டைகர். யார் எந்தப் பக்கம் என்று இந்தத் தடவை நான் வாயைத் திறக்கவில்லை. நாலு முகமும் தெளிவாக விழுந்தது. சுமதிக்குக் கண் மட்டும் சிவப்பு. அதை நான் துடைக்கவில்லை.

இந்தத் தடவை ஒழுங்காகக் கேட்டேன், படத்தை என்ன செய்யட்டும் என்று. "ஸ்டேட்டஸ்ல போட்டதெல்லாம் போதும்க்கா" என்றாள் சுமதி. "பெருசா கண்ணாடி போட்டு குடுங்க, வூட்லயே மாட்டிக்க..." என்று ஆரம்பித்தவள் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். வாடகை வீட்டில் இருக்கிற யாருக்கும் நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஹவுஸ் ஓனர் வேறு எதை விட்டுக் கொடுத்தாலும், சுவரில் ஆணி மட்டும் அடிக்க விடமாட்டார். ஓனரம்மா எழுந்து பின்கட்டுக்குள் எட்டி, வெள்ளையடித்த சுவரை மேலிருந்து கீழே ஒரு தடவை பார்த்தார். கட்டி வைத்த சாக்கையும் பார்த்தார். சுமதி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அவளைப் பார்க்காத மாதிரியே ஓனரம்மா சொன்னார்: "கூடத்துல நட்டநடுவுல அடி, பெரிய ஆணியா பாத்து அடி, அதுல நானும் கீறேன், வுயுந்துடப் போவுது."

லட்ச ரூபாய்க்குக் கேமரா வாங்கி வைத்திருந்தாலும், நம் பொழப்பு கடைசியில் இரண்டு அங்குல ஆணியில்தான் தொங்குகிறது, சகோதர சகோதரிகளே.